புள்ளியில் ஆள் இல்லை

கழற்றிப் பார்ப்போம் (மாதப் பகுதி)



சென்ற மாதம் தையல் மெஷினைக் கழற்றிப் பார்த்தோம். இந்த மாதம் ரேடியோ. இது நானாகத் தேர்ந்தெடுத்த பாடம் அல்ல. எங்கள் வீட்டில் நான் செய்த ஒரு தவறு எனக்குக் கொடுத்த பாடம்.

என் அப்பா 2011இல் பாளையங்கோட்டையிலிருந்து நியூ ஜெர்சிக்கு வந்தபோது, கைப்பையில் ஒரு வேட்டியில் சுற்றி ஒரு டிரான்சிஸ்டர் ரேடியோவைக் கொண்டுவந்தார். நான் பிறப்பதற்கு முன்பே வாங்கியது. வருடந்தோறும் தபால் ஆபீசுக்குப் போய் ரேடியோவுக்கு லைசென்ஸ் கட்டிய காலத்துப் பெட்டி. நான்கு பெரிய பேட்டரி போட்டால் பாடும். டயல் கண்ணாடியின்மேல் இரண்டு சிவப்புப் புள்ளிகள் இருக்கும். சைக்கிளுக்கு அடித்து மிஞ்சிய பெயின்ட்டைத் தீக்குச்சி நுனியில் தொட்டு அப்பாவே வைத்தவை. ஒன்று திருநெல்வேலி வானொலி நிலையம், 1197 கிலோஹெர்ட்ஸ். இன்னொன்று புத்தளம், 882. இலங்கையின் மேற்குக் கரையிலுள்ள புத்தளத்திலிருந்து டிரான்ஸ் வேர்ல்ட் ரேடியோவின் தமிழ் நிகழ்ச்சிகள் மன்னார் வளைகுடாவைத் தாண்டி எங்கள் வீட்டுக்கு வந்த இடம் அது. (அந்த நிறுவனத்தின் தலைமையகம் ஒரு காலத்தில் இதே நியூ ஜெர்சியின் சாத்தம் நகரில்தான் இருந்தது என்பது இங்கே வந்தபிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது.)

இங்கே வந்த முதல் இரவு, தூக்கம் வராமல், அப்பா பழக்கதோஷத்தில் முள்ளைப் புத்தளம் புள்ளிக்குக் கொண்டுபோனார். கணீரென்று ஒரு ஆங்கிலக் குரல் வந்தது. நியூயார்க்கின் 880. எந்தப் பாலத்தில் எவ்வளவு நெரிசல், நாளைக்கு மழை உண்டா என்று பத்து நிமிடத்துக்கு ஒருமுறை சொல்லிக்கொண்டிருந்தது. அப்பா சிரித்துவிட்டு, "ஆள் மாறிட்டான், இடம் மாறல" என்றார்.

இதில் மாயம் ஒன்றும் இல்லை. மீடியம் வேவ் நிலையங்களை ஆசியாவிலும் ஐரோப்பாவிலும் 1978 முதல் 9 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் அமர்த்தியிருக்கிறார்கள். அமெரிக்காவில் இடைவெளி 10. அதனால் அங்கே 882, இங்கே 880. நம்பரை அழுத்திப் பிடிக்கும் டிஜிட்டல் ரேடியோவுக்கு இந்த இரண்டும் வேறு வேறு. முள் நகரும் ரேடியோவுக்கு ஏறத்தாழ ஒரே இடம்.

அப்பாவுக்கு இப்போது எண்பத்தாறு வயது. கண் பார்வை மங்கிவிட்டது. டயலில் உள்ள எண்கள் தெரியாது. சிவப்புப் புள்ளி மட்டும் தெரியும். போனில் ரேடியோ கேட்கலாம் என்று எத்தனையோ முறை சொல்லிக்கொடுத்தேன். ஒவ்வொரு முறையும் யாராவது ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டியிருந்தது. யாரையும் கூப்பிடாமல், யாருக்காகவும் காத்திருக்காமல், அவரே இயக்குகிற ஒரே சாமான் அந்த ரேடியோதான். 2024 ஆகஸ்டில் 880இல் செய்தி நின்று விளையாட்டு வந்தது. அப்பா கோபித்துக்கொள்ளவில்லை. கிரிக்கெட் மட்டுமே தெரிந்த மனிதர் இரவில் மெட்ஸ் அணியின் பேஸ்பால் வர்ணனை கேட்க ஆரம்பித்தார்.

இந்த வசந்த காலத்தில் ஒருநாள் குமிழைத் திருகினால் முள் நகரவில்லை. உள்ளே டயல் கயிறு அறுந்திருந்தது. பத்தாம் வகுப்பு படிக்கும் என் தங்கை மகளும் நானும் பெட்டியைத் திறந்தோம். மீன் பிடிக்கும் பின்னல் நூலை வாங்கி, பழைய கயிறு போன வழியிலேயே சுற்றி, ஸ்பிரிங்கில் மாட்டினோம். முள் நகர்ந்தது. அத்தோடு மூடியிருக்க வேண்டும். மூடும்போது இரண்டு சின்னத் திருகாணிகள் கண்ணில் பட்டன. தளர்ந்திருப்பதாக எனக்குத் தோன்றியது. நல்லது செய்வதாக நினைத்து இரண்டையும் இறுக்கிவிட்டேன்.

அன்று இரவு அப்பாவின் அறையிலிருந்து வெறும் இரைச்சல். பிறகு அவர் குரல்: "ஏல, புள்ளியில ஆளைக் காணோமே. என்னல பண்ணி வச்சிருக்க?"

நான் என்ன பண்ணி வைத்தேன் என்று புரிய, முதலில் அந்தப் பெட்டிக்குள் முள்ளோடு சேர்ந்து சுழலும் சாமானைப் பார்க்க வேண்டும்.

கோர்த்த விரல்கள்

ஊரில் ரேடியோ மெக்கானிக்குகள் அதை 'கேங் கண்டன்சர்' அல்லது சுருக்கமாக 'கேங்' என்பார்கள். பாடப்புத்தகத்தில் அதன் பெயர் மாறும் மின்தேக்கி. இரண்டு உலோகத் தகடுகளை ஒன்றையொன்று தொடாமல் எதிரெதிரே வைத்தால் அது மின்தேக்கி. ஒரு தகட்டில் நேர் மின்னூட்டமும் மறு தகட்டில் எதிர் மின்னூட்டமும் சேர்ந்து நிற்கும். எவ்வளவு சேரும் என்பதைத்தான் மின்தேக்குத்திறன் என்கிறோம். அது மூன்றைப் பொறுத்தது. தகடுகள் எதிரெதிரே நிற்கும் பரப்பு பெரிதானால் திறன் கூடும். இடைவெளி குறைந்தால் கூடும். இடையில் காற்றுக்குப் பதில் மைக்காவோ பிளாஸ்டிக்கோ இருந்தால் இன்னும் கூடும்.

கேங்கில் இடைவெளி மாறாது, பரப்புதான் மாறும். இரண்டு கை விரல்களையும் கோர்த்துப் பாருங்கள். ஒரு கை அசையாத தகடுகள், மற்றது சுழலும் தகடுகள். விரல்கள் முழுவதும் உள்ளே போயிருந்தால் எதிரெதிர்ப் பரப்பு அதிகம், திறனும் அதிகம். மெல்ல வெளியே இழுத்தால் இரண்டும் குறையும். ஆனால் கேங்கின் தகடுகள் விரல்போல ஒன்றையொன்று தொடக் கூடாது. தொட்டால் மின்தேக்கி இல்லை, வெறும் கம்பி. ஹங்கேரி நாட்டுப் பொறியாளர் டேஷோ கோர்டா இப்படிச் சுழலும் மின்தேக்கிக்கு 1893இல் காப்புரிமை வாங்கினார். அன்று வானொலி நிலையம் என்று ஒன்று உலகில் எங்குமே கிடையாது.

கணக்குப் பிடித்தவர்களுக்கு ஒரு கணக்கு. 2 சென்டிமீட்டர் ஆரமுள்ள அரைவட்டத் தகடு, அதன் பரப்பு 6.28 சதுர சென்டிமீட்டர். இடைவெளி 0.3 மில்லிமீட்டர், நடுவே காற்று. ஒரு இடைவெளிக்கு வரும் திறன் சுமார் 18.5 பிகோஃபாரட். 11 நிலைத் தகடுகளுக்கு நடுவே 10 சுழல் தகடுகள் நுழைந்தால் 20 இடைவெளிகள். மொத்தம் 370 பிகோஃபாரட். கடையில் 365 பிகோஃபாரட் என்று விற்கும் மாறும் மின்தேக்கி ஏறத்தாழ இதுதான். ஒரு ஃபாரட்டில் இது எவ்வளவு தெரியுமா? பிகோ என்றால் இலட்சம் கோடியில் ஒரு பங்கு. இந்தச் சிறு அளவுதான் சென்னையையும் புத்தளத்தையும் பிரிக்கிறது.

ஊஞ்சலும் தள்ளும் கையும்

இந்த மின்தேக்கி தனியாக நின்றால் நிலையம் பிடிக்காது. கூட ஒரு கம்பிச்சுருள் வேண்டும். மின்தேக்கியில் சேர்ந்த மின்னூட்டம் சுருள் வழியாக இறங்கும். சுருளோ, ஓடத் தொடங்கிய மின்னோட்டத்தைச் சட்டென்று நிற்க விடாது. அதனால் மின்னூட்டம் அந்தப்பக்கத் தகட்டில் போய்ச் சேரும். பிறகு திரும்பி வரும். ஊஞ்சல்போல முன்னும் பின்னும். ஒவ்வொரு ஊஞ்சலுக்கும் தனக்கென்று ஒரு வேகம் உண்டு அல்லவா? கயிற்றின் நீளத்தை மாற்றினால் அந்த வேகம் மாறும். இங்கே தகட்டை நகர்த்தினால் மாறும்.

இப்போது ஏரியலைக் கவனியுங்கள். நியூயார்க்கின் 660, 710, 770, 880, 1010 என்று எல்லா நிலையங்களும் ஒரே நேரத்தில் அந்தக் கம்பியில் வந்து முட்டுகின்றன. இந்த நிமிடம் நீங்கள் உட்கார்ந்திருக்கும் நாற்காலியிலும் முட்டிக்கொண்டுதான் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஊஞ்சலைத் தன் வேகத்தில் தள்ளுகிறது. ஊஞ்சலின் சொந்த வேகத்தோடு பொருந்தித் தள்ளும் கை மட்டுமே அதைப் பெரிதாக ஆட்டும். மற்றக் கைகள் தள்ளியும் பயனில்லை. இதற்குப் பெயர் ஒத்ததிர்வு. நாம் ரேடியோவைத் திருகும்போது நிலையத்தைப் போய்க் கூட்டிவருவதில்லை. வந்து நிற்பவர்களில் ஒருவரைத் தேர்ந்தெடுக்கிறோம், அவ்வளவுதான்.

கணக்கு இப்படி. 240 மைக்ரோஹென்றி சுருளோடு 365 பிகோஃபாரட் சேர்ந்தால் அதிர்வெண் சுமார் 538 கிலோஹெர்ட்ஸ், டயலின் அடி முனை. தகடுகளை முழுவதும் வெளியே எடுத்தாலும் திறன் சுழி ஆகாது. கம்பிகளுக்கும் சட்டத்துக்கும் இடையே எப்போதும் கொஞ்சம் மிஞ்சும். அது 36 பிகோஃபாரட் என்று வைத்துக்கொண்டால் அதிர்வெண் ஏறத்தாழ 1,700, டயலின் மேல் முனை. கவனித்தீர்களா? திறன் பத்தில் ஒன்றாகக் குறைந்தும் அதிர்வெண் பத்து மடங்கு ஆகவில்லை, மூன்று மடங்குதான் ஆனது. இங்கே வர்க்கமூலம் வேலை செய்கிறது. அதிர்வெண்ணை இரட்டிப்பாக்க வேண்டுமானால் திறனை நான்கில் ஒன்றாக்க வேண்டும்.

பழைய டயல்களில் 55, 60, 70 என்ற எண்கள் விலகி விலகி நிற்கும், 120, 140, 160 நெருக்கியடித்து நிற்கும். காரணம் இதுதான். மேலே சொன்ன அரைவட்டத் தகட்டில் 538இலிருந்து 600க்குப் போக ஏறத்தாழ 39 பாகை சுழற்ற வேண்டும். 1,600இலிருந்து 1,700க்குப் போக மூன்று பாகைகூட வேண்டாம். இந்த நெருக்கடியைக் குறைக்கத்தான் பிற்காலத்தில் தகடுகளை அரைவட்டமாக வெட்டாமல் ஒருபக்கம் ஒடுங்கிய வடிவில் வெட்டினார்கள்.

அப்பாவின் புள்ளிக்கு வருவோம். 882க்கு வேண்டிய திறன் 135.7 பிகோஃபாரட். 880க்கு 136.3. வித்தியாசம் 0.6. தகடு மூன்றில் ஒரு பாகை நகர்ந்தால் போதும். முள்ளின் தடிமனே அதைவிட அதிகம். "ஆள் மாறிட்டான், இடம் மாறல" என்று அப்பா சொன்னது எண் கணக்கிலும் சரிதான்.

நான் இறுக்கிய திருகாணி

என் தங்கை மகள் கேங்கை டார்ச் அடித்துப் பார்த்தவள் முதலில் கேட்டது இது: "மாமா, வெளிப்பக்கத் தகடு கிழிஞ்சிருக்கே. இதுதான் கோளாறா?"

கிழியவில்லை. ஓரத்துச் சுழல் தகட்டில் வேண்டுமென்றே கீறல்கள் வெட்டியிருப்பார்கள். தொழிற்சாலையில் அந்தத் துண்டுகளை இம்மியளவு உள்ளேயோ வெளியேயோ வளைத்து ஒவ்வொரு இடத்திலும் திறனைச் சரிசெய்வார்கள். "அப்படின்னா அதைத் தொடக் கூடாது" என்றாள். "அதை மட்டும் இல்லை" என்றேன். நான் தொட்டதைச் சொல்ல வேண்டியதாயிற்று.

கேங்கின் மேல் இரண்டு சின்ன மின்தேக்கிகள் ஒட்டியிருக்கும். பெயர் டிரிம்மர். ஒரு சிறு தகடு, ஒரு மைக்காத் துண்டு, அழுத்த ஒரு திருகாணி. கேங்கில் பரப்பு மாறுகிறது என்றேன். டிரிம்மரில் இடைவெளி மாறுகிறது. திருகாணியை இறுக்கினால் தகடுகள் நெருங்கும், திறன் கூடும். நான் இறுக்கியது தளர்ந்துபோன திருகாணியை அல்ல. யாரோ ஒருவர் பல ஆண்டுகளுக்கு முன் கவனமாக அந்த அளவில் விட்டுவைத்த திருகாணியை.

"கொஞ்சம்தானே இறுக்கினீங்க? அதுக்கு இவ்வளவா?" என்று கேட்டாள். நல்ல கேள்வி. காகிதத்தை எடுத்துக் கணக்குப் போட்டோம். நான் 5 பிகோஃபாரட் கூட்டிவிட்டேன் என்று வைத்துக்கொண்டு, எளிய ஒரே சுற்றுக்குப் பார்த்தோம். டயலின் அடி முனையில் 365 என்பது 370 ஆகிறது. அதிர்வெண் 538இலிருந்து 534. யாரும் கவனிக்க மாட்டார்கள். அப்பாவின் புள்ளியில் 136 என்பது 141 ஆகிறது. 882இலிருந்து 866. பதினாறு கிலோஹெர்ட்ஸ் தள்ளிப்போயிற்று. அதனால்தான் புள்ளியில் ஆள் இல்லை. மேல் முனையில் 36 என்பது 41 ஆகிறது. 1,700 என்பது ஏறத்தாழ 1,600க்கு இறங்கிவிடுகிறது. அதே ஐந்துதான். நிறைந்த பானையில் ஒரு கை அரிசி கூடினால் தெரியாது. ஒரு கை அரிசி கிடக்கும் பானையில் இன்னொரு கை போட்டால் இரட்டிப்பு.

டிரிம்மர் டயலின் மேல் முனையை ஆளும், அடி முனையைச் சுருள் ஆளும் என்று மெக்கானிக்குகள் சொல்வதன் பொருள் இதுவே.

ஹோபோகன் பேராசிரியர்

ஒரு சிறு திருகாணி ரேடியோவைக் கெடுத்த கதை இது. ஒரு சிறு திருகாணி ரேடியோக்களைக் காப்பாற்றிய கதையும் உண்டு. அது நம் பக்கத்திலேயே நடந்தது.

உங்களில் சிலருடைய அப்பா அம்மா தினமும் ஹோபோகனில் ரயில் மாறி நியூயார்க் போகிறார்கள். ஆற்றங்கரை மேட்டில் இருக்கும் ஸ்டீவன்ஸ் கல்லூரியைப் பார்த்திருப்பீர்கள். 1886இல் மோரிஸ்டவுனில் பிறந்த ஆலன் ஹேசல்டைன் அங்கேயே படித்து அங்கேயே மின்பொறியியல் பேராசிரியர் ஆனவர். 1922இல் நெவார்க்கில் பாம்பர்கர்ஸ் பல்பொருள் அங்காடிக்காரர்கள் டபிள்யூ.ஓ.ஆர். நிலையத்தைத் தொடங்கியிருந்தார்கள். வீட்டுக்கு வீடு ரேடியோ வந்துகொண்டிருந்த நேரம்.

அந்தக் கால ரேடியோக்களில் ஒரு தொல்லை. வால்வுக்குள் கிரிட், பிளேட் என்று இரண்டு உலோக உறுப்புகள் எதிரெதிரே இருக்கும். எதிரெதிரே இரண்டு உலோகம் என்றால்? ஆம், யாரும் வைக்காமலேயே அங்கே ஒரு மின்தேக்கி. சில பிகோஃபாரட்தான். ஆனால் பெரிதாக்கப்பட்ட சிக்னல் அதன் வழியே பின்னால் கசிந்து மறுபடியும் உள்ளே நுழையும். ரேடியோ தானே ஊளையிடத் தொடங்கும். சபையில் மைக்கை ஸ்பீக்கர் பக்கம் கொண்டுபோனால் கூச்சலிடுகிறதே, அந்த மாதிரி. போதாக்குறைக்கு அந்த ஊளை ஏரியல் வழியாக வெளியேறிப் பக்கத்து வீட்டு ரேடியோவையும் கெடுக்கும்.

கசிவை அடைக்க முடியாது, அது வால்வின் பிறவிக்குணம். ஹேசல்டைன் அதை அடைக்கப் பார்க்கவில்லை. கசிவுக்குச் சமமாக, ஆனால் எதிர்த்திசையில், இன்னொரு சிக்னலை ஒரு சிறு மாறும் மின்தேக்கி வழியாகச் செலுத்தினார். இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொண்டன. ஊளை நின்றது. தொழிற்சாலையில் ஒருமுறை அந்தச் சிறு மின்தேக்கியைச் சரியான அளவில் வைத்துவிட்டால், கேட்பவர் அதைத் தொடவே வேண்டாம். இந்தச் சுற்றுக்கு நியூட்ரோடைன் என்று பெயர். 1923இல் அவர் இதை ரேடியோ கிளப் ஆஃப் அமெரிக்காவில் விளக்கினார். பல நிறுவனங்கள் உரிமம் பெற்று அந்த வகை ரேடியோக்களைச் செய்து விற்றன.

நியூட்ரோடைன் ரேடியோவின் முகப்பில் பெரும்பாலும் மூன்று பெரிய டயல்கள் இருக்கும். உள்ளே மூன்று ஒத்ததிர்வுச் சுற்றுகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு மாறும் மின்தேக்கி. ஒரு நிலையம் பிடிக்க மூன்றையும் பொருத்தித் திருக வேண்டும். மூன்று எண்களையும் ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொள்வார்கள். அப்பா புள்ளி வைத்ததுபோலத்தான். பிறகு மூன்று மின்தேக்கிகளையும் ஒரே அச்சில் கோத்து ஒரே குமிழால் சுழற்றும் முறை வந்தது. கூட்டாக வேலை செய்வதால் அதற்குக் 'கேங்' என்று பெயர். நம் ஊர் மெக்கானிக்கின் வாயில் இன்றும் நிற்கும் சொல் அது.

ஒரே அச்சில் கோத்தால் ஒரு சிக்கல் வரும். இரண்டு பகுதிகளும் எல்லா இடத்திலும் இணையாக நடக்க வேண்டும். அப்பாவின் டிரான்சிஸ்டரில் இருக்கும் இரண்டு பகுதிகளில் ஒன்று ஏரியல் பக்கம், நிலையத்தைத் தேர்ந்தெடுக்கிறது. மற்றது உள்ளே இருக்கும் அலையியற்றிக்கு. அது எப்போதும் நிலையத்தைவிட 455 கிலோஹெர்ட்ஸ் மேலே நடக்கும். 880 கேட்க வேண்டுமானால் அது 1,335இல் இருக்கும். முள்ளின் எண்ணும் நிலையமும் ஒத்துப்போவது இந்த இரண்டாம் பகுதியின் கையில். சத்தம் தெளிவாக வருவது முதல் பகுதியின் கையில். நான் இரண்டு திருகாணியையும் இறுக்கி, இரண்டையும் கெடுத்திருந்தேன்.

திரும்பி வந்த வழி

சனிக்கிழமை காலை மறுபடியும் பெட்டியைத் திறந்தோம். சிக்னல் ஜெனரேட்டர் எங்களிடம் இல்லை. "ஸ்டேஷனே நம்ம ஜெனரேட்டர்தானே மாமா?" என்றாள். உண்மைதான். நியூயார்க் நிலையங்கள் தங்கள் எண்ணிலிருந்து விலகுவதே இல்லை.

முள்ளை முதலில் 1280க்குரிய இடத்தில், 120க்கும் 140க்கும் நடுவே சற்று முன்னால், நிறுத்தினோம். அங்கே ஸ்பானிய நிலையம் கேட்க வேண்டும். கேட்கவில்லை. அலையியற்றியின் டிரிம்மரை மெல்லத் தளர்த்தினோம். கால் சுற்றுக்குள் ஸ்பானிய மொழி எட்டிப் பார்த்தது, நெருங்கியது, நின்றது. அடுத்து ஏரியல் பக்கத்து டிரிம்மர். அதில் நிலையம் இடம் மாறாது, சத்தம் மட்டும் ஏறி இறங்கும். அதிகம் கேட்ட இடத்தில் விட்டோம். பிறகு அடி முனைக்குப் போய் 660ஐப் பார்த்தோம். அது ஏறத்தாழ தன் இடத்திலேயே இருந்தது. கணக்குச் சொன்னபடியே அந்த முனை அதிகம் கெடவில்லை. மறுபடியும் 1280. மறுபடியும் 660.

இதற்கு இரும்பு ஸ்குரூ டிரைவர் உதவாது. நம் கையும் ஒரு தகடுதான். கை கிட்டப் போனாலே திறன் மாறும். கையை எடுத்ததும் நிலையம் ஓடிவிடும். ஐஸ்கிரீம் குச்சியின் நுனியை உளிபோலச் செதுக்கிப் பயன்படுத்தினோம்.

கடைசியாக முள்ளைச் சிவப்புப் புள்ளிக்கு அடியில் கொண்டுபோக வேண்டும். அவள் குமிழில் கை வைத்தவள் எடுத்துவிட்டாள். "தாத்தா செய்யட்டும்" என்றாள்.

அப்பா நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். கண்ணைச் சுருக்கிக்கொண்டு மெல்லத் திருகினார். இரைச்சல், ஒரு சீழ்க்கை, மறுபடியும் இரைச்சல். முள் புள்ளிக்கு அடியில் வந்தது. பந்தயத்தைப் பற்றி இரண்டு பேர் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"ஏட்டி, ஆள் வந்துட்டான்லா!" என்றார் அப்பா. என்னைப் பார்க்கவில்லை. பேத்தியைத்தான் பார்த்தார். அது நியாயம்தான்.

நீங்களும் திறப்பதானால்

தாத்தா பாட்டியின் டிரான்சிஸ்டர் உங்கள் வீட்டு அலமாரியிலும் இருக்கலாம். பேட்டரியில் ஓடுவதை மட்டும் திறங்கள். வால்வு ரேடியோவைத் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதற்குள் ஆபத்தான மின்னழுத்தம் தங்கியிருக்கும்.

திருகும்போது ஒரு குறிப்பிட்ட இடத்தில் கரகரவென்று கேட்டு நிலையம் செத்துப்போனால், அங்கே தகடுகள் உரசுகின்றன என்று பொருள். மீட்டர் வைத்துப் பார்க்கலாம். முதலில் சுருளின் ஒரு முனையைக் கழற்றுங்கள். கழற்றாவிட்டால் மீட்டர் சுருள் வழியாகவே இணைப்புக் காட்டும். பிறகு சுழல் தகட்டுக்கும் நிலைத் தகட்டுக்கும் நடுவே மீட்டரை வைத்து மெதுவாகச் சுழற்றுங்கள். எந்த இடத்திலும் இணைப்புக் காட்டக் கூடாது. காட்டும் இடத்தில் விசிட்டிங் கார்டைக் கீற்றாக வெட்டித் தகடுகளுக்கு நடுவே நுழைத்து, வளைந்ததை மெல்ல நிமிர்த்துங்கள். தூசியைக் காய்ந்த பெயின்ட் பிரஷ்ஷால் தட்டுங்கள். தகடுகளுக்கு எண்ணெய் போடாதீர்கள். எண்ணெயில் தூசி ஒட்டும், காற்று இருக்க வேண்டிய இடத்தில் எண்ணெய் இருந்தால் திறனும் மாறும்.

உங்கள் போனில் இப்படிச் சுழலும் தகடு இருக்காது. அங்கே மின்னழுத்தத்தை மாற்றினாலே திறன் மாறும் டயோடுகளும், தேவைக்கு ஏற்ப இணைத்துக்கொள்ளும் நுண்ணிய மின்தேக்கி வரிசைகளும் அந்த வேலையைச் செய்கின்றன. ஆனாலும் அந்தத் திரையை நீங்கள் தொடும்போது, எங்கே தொட்டீர்கள் என்று போன் கண்டுபிடிப்பது உங்கள் விரல் மாற்றும் மின்தேக்குத்திறனை வைத்துத்தான்.

என்னைப்போல் தவறு செய்யாமலிருக்க ஒரு வழி சொல்லி முடிக்கிறேன். எந்தத் திருகாணியையும் தொடுமுன், அதன் தலையிலும் பக்கத்திலும் பென்சிலால் ஒரே கோடாகப் போடுங்கள். எத்தனை சுற்றுத் திருப்பினீர்கள் என்று ஒரு தாளில் எழுதுங்கள். அந்தக் கோடு இருந்திருந்தால் எங்கள் சனிக்கிழமை வேலை இரண்டு நிமிடத்தில் முடிந்திருக்கும். இப்போது எங்கள் வீட்டு ரேடியோவில் இரண்டு கோடுகள் இருக்கின்றன. போட்டது நான் இல்லை. பெட்டியை மூடுமுன் அவள் போட்டாள்.

அடுத்த மாதம் பேட்டரியே இல்லாமல் கேட்கும் கிரிஸ்டல் ரேடியோ செய்வோம். 3 அங்குல விட்டமுள்ள அட்டைக் குழாய் ஒன்றும், 24 கேஜ் இனாமல் கம்பியும் இப்போதே எடுத்து வையுங்கள். ஏறத்தாழ 50 சுற்றுச் சுற்றினால் நாம் இன்று பார்த்த 240 மைக்ரோஹென்றி வந்துவிடும். 365 பிகோஃபாரட் மாறும் மின்தேக்கி ஒன்றும் வேண்டும். அதன் சுழல் தகட்டை எர்த் பக்கம்தான் இணைக்க வேண்டும். ஏன் என்று யோசித்து வையுங்கள். விடைக்கான குறிப்பு, ஐஸ்கிரீம் குச்சி.

அன்புடன்,
உங்கள் அங்கிள்